கொடிக்கு ஒரு திட்டு

எங்கள் திராட்சைத் தோட்டத்தில் கெட்ட வாய் யாருக்கு என்று கேட்டால், உரமூட்டை இறக்க வருகிறவன்கூட என் அக்காவைத்தான் கை காட்டுவான். கோவேறு கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசைக்குள் நுழைந்தாள் என்றால், மறுமுனையில் வெளியே வரும்வரை அந்த வாயில்லாச் சீவனின் பிறப்பு, வளர்ப்பு, நடை, நாணயம் ஒன்றையும் விட்டுவைக்க மாட்டாள். பின்னால் கலப்பையைப் பிடித்து வருகிறவர் அவள் புருஷன், அதாவது என் மாமா. அவருக்கும் பின்னால், களைக்கொத்தோடு முதுகு ஒடிய வருகிற பாக்கியசாலி நான்.

வேலை இதுதான். பனிக்காலத்துக்கு முன்னால் கொடிகளின் காலடியில் மண்ணை அணைத்து மேடு கட்டிவிடுவோம். ஒட்டுப் போட்ட இடம் குளிரில் வெடிக்கக் கூடாது என்பதற்காக. குளிர் போனதும் அதே மண்ணை இழுத்து இரண்டு கொடி வரிசைகளுக்கு நடுவே தள்ள வேண்டும். தள்ளாமல் விட்டால் ஒட்டின் மேல்பாகம் சொந்தமாக வேர்விட்டு, கீழே தாங்கி நிற்கிற வேர்த்தண்டை மறந்துவிடும். மேட்டில் முளைத்த அறுகும் கோரையும் மண்ணோடு புரண்டு, வேர் மேலே பார்த்தபடி வெயிலில் காய்ந்து சாகும். ஒரே உழவில் இரண்டு வேலை. முதலாளியம்மாவின் தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து இதுவரை நுழைந்ததில்லை.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்வதில்தான் வம்பு. கலப்பையின் இரும்பு முனையான கொழு, கொடி வரிசையை ஒட்டியே போக வேண்டும். ஒவ்வொரு தண்டும் வரும்போது பிடியைச் சாய்த்துக் கொழுவை வெளியே எடுத்து, தண்டு தாண்டியதும் உள்ளே விட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்கிற வேலை. ஒரு கணம் பிசகினால் முப்பது வருஷத்துக் கொடி முள்ளங்கி மாதிரி அறுந்துவிடும். கொழுவுக்கு எட்டாமல் தண்டைச் சுற்றி மிஞ்சுகிற கையளவு மண்ணும் புல்லும் என் பங்கு.

போன வருஷம் மாமா மூன்று கொடிகளை அறுத்தார். முதலாவதுக்கு முதலாளியம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதுக்கு உதட்டைக் கடித்துக்கொண்டார். மூன்றாவது அறுந்த அன்று, வேலி ஓரமாக அடிக்கடி வந்து சிரித்துவிட்டுப் போகும் மருந்துக்காரரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். பிறகு எங்களிடம் வந்தார்.

"இன்னொரு கொடி போச்சுன்னா உழவை நிறுத்திட்டு மருந்தடிக்கப் போறேன். சொல்லலைன்னு சொல்லாதீங்க."

அப்போதுதான் அக்கா முன்னால் வந்து நின்றாள். "அவர்மேல தப்பில்லம்மா. இந்தக் கழுதை நேரா நடந்தாத்தானே? நான் முன்னாடி பிடிச்சு நடத்துறேன். இனிமே ஒரு கீறல் விழாது."

அன்று முதல் தொடங்கியது திட்டு.

எனக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நாள் பிடித்தது. பின்னால் குனிந்து வருகிறவனுக்கு ஆட்கள் தெரிய மாட்டார்கள், சத்தம்தான் கேட்கும். கேட்டுக் கேட்டு ஒன்றைக் கவனித்தேன். அக்கா தண்டுக்குத் தண்டு திட்டினாள். பருத்த பழைய தண்டு என்றால் நீளத் திட்டு: "உன்னைப் பெத்தவளும் இப்படித்தான் கோணக்கோண நடந்தாளா?" புதிதாக நட்ட ஒல்லித் தண்டு என்றால் "சனியனே!" ஒன்றோடு சரி. கொடி பட்டுப்போய் வெறுமனே கிடக்கும் இடம் வந்தால் திட்டே இல்லை. கழுதையோ நூல் பிடித்தது போலத்தான் நடந்துகொண்டிருந்தது. நடையில் அப்படி ஒரு மரியாதை. அதனால்தான் எல்லாரும் அதைப் 'பெரியவர்' என்று கூப்பிட்டோம்.

டீக்கடை நிழலில் அக்காவைத் தனியாகப் பிடித்தேன். "பெரியவர் ஒழுங்காத்தானேக்கா நடக்கிறார்? யாரை ஏமாத்துற?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். "வாயை மூடு. உன் மாமாவுக்கு நடுப்பார்வை போயிடுச்சு. ஓரம்தான் தெரியுது. என் சத்தம் ஆரம்பிச்சா பிடியைச் சாய்ப்பார், முடிஞ்சா நிமிர்த்துவார். வெளிய தெரிஞ்சா கலப்பையைப் பிடுங்கிடுவாங்க. கலப்பை இல்லாம அந்த மனுஷன் என்ன ஆவார்னு உனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். மாமாவுக்குப் பேசத் தெரியாது, சிரிக்கத் தெரியாது, விருந்துக்குப் போனால் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. கலப்பைப் பிடியில் வைத்தால் மட்டும் அந்தக் கை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கும். வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு உழவுக்காலம் இப்படி ஓடியது. ஒரு கொடிக்கும் கீறலில்லை. பெரியவரின் பெயர்தான் நாறிப்போனது.

அங்கேதான் எங்கள் கெட்டிக்காரத்தனம் எங்கள் காலையே வாரியது. இந்த வருஷம் மண் காய்ந்து உழவுக்குப் பதமான அன்று, முதலாளியம்மா முகமெல்லாம் சிரிப்பாக ஒரு புதுக் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"இது தானாவே வரிசை பிடிச்சு நடக்கும். முன்னாடி ஆளே வேண்டாம். அந்தப் பிடிவாதக் கழுதையோட நீ பட்ட பாடு போதும்மா. உன் முட்டியும் சரியில்ல. நீ உக்காந்து கொடி கட்டுற வேலையைப் பாரு."

நல்ல மனசு. அதுதான் சிக்கல். கெட்ட மனசு என்றால் எதிர்த்துப் பேசலாம். அக்கா "ரொம்ப நன்றிம்மா" என்றாள். மாமா புதுக் கழுதையின் நெற்றியைத் தடவப் போய் அதன் காதைத் தடவினார். நான் வானத்தைப் பார்த்தேன்.

பெரியவரை மேய்ச்சலுக்கு விட்டுவிட்டார்கள். செய்யாத குற்றத்துக்கு ஓய்வு கிடைத்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

அன்று காலை உழவு தொடங்கும் முன் அக்கா என்னிடம் வந்தாள். "நீ பின்னாலேருந்து குரல் குடேன்."

"பின்னாலேருந்து எனக்கு மாமாவோட முதுகுதான்க்கா தெரியும். அவர் முதுகுக்கு ஒரு திட்டு வேணும்னா சொல்லு, தரேன்."

"உன்னால ஒரு பிரயோஜனம் உண்டா?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, கொடி கட்டும் நார்க்கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, மாமா உழப்போகும் வரிசைக்கு அடுத்த வரிசையில் போய் நின்றாள். கொடிகள் படரும் கம்பிக்கு அந்தப் பக்கம் கலப்பைக்குச் சரியாக நடந்துகொண்டே கொடி கட்டுவதாகப் பாவனை. குரலுக்குக் காரணம் வேண்டுமே? தானாக நடக்கிற கழுதையைத் திட்ட முடியாது. மிச்சம் இருந்தது புருஷன்தான்.

"யோவ், கால் எங்க போகுது, கண் எங்க போகுது?" முதல் தண்டு.

மாமா பிடியைச் சாய்த்தார்.

"காலைல சட்டையைத் திருப்பிப் போட்டுட்டு வந்திருக்கியே, வெக்கமா இல்ல?" இரண்டாவது தண்டு.

மாமா பிடியைச் சாய்த்தார். சட்டை உண்மையிலேயே திருப்பித்தான் போட்டிருந்தது.

"உன்னைக் கட்டினதுக்கு ஒரு தூணைக் கட்டியிருந்தா அதுல துணியாவது காயப்போட்டிருப்பேன்!" இது வாசல் பக்கத்துப் பழைய கொடி, தொடையளவு பருமன்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு இருமுவது போலச் சிரித்தேன். முதல் சில நாட்கள் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. மாலை வீட்டுக்குத் திரும்பும்போது மாமாவே, "அந்தத் தூண் நல்லா இருந்துச்சு" என்பார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஆனால் ஒரு தோட்டத்தில் கொடிகள் நிறைய. கழுதையைத் திட்டக் கற்பனை போதும். புருஷனைத் திட்டும்போது கற்பனை தீர்ந்தால் கையிருப்பில் உள்ளது வெளியே வரும். எங்கள் அம்மா படுக்கையில் கிடந்தபோது அவர் பார்க்க வராதது வந்தது. அவள் ஆசைப்பட்டு வாங்கிய தையல் மெஷினை அவளைக் கேட்காமல் அவர் தன் தங்கைக்குக் கொடுத்தது வந்தது. மாமா பதில் பேச முடியாது, பேசினால் தண்டு தவறிவிடும். ஒவ்வொன்றுக்கும் பிடியைச் சாய்த்து, நிமிர்த்தி, போய்க்கொண்டே இருந்தார். பின்னால் நான் புல்லைக் கொத்திக்கொண்டு, ஒட்டு வெளியே தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, எங்கள் குடும்பத்தின் வரலாற்றைக் கேட்டுக்கொண்டு வந்தேன். எந்தத் தண்டிலும் கீறலில்லை.

மற்றவர்கள் கண்ணுக்கு இது எப்படிப் பட்டிருக்கும்? ஒரு சாது மனுஷனை அவர் பெண்டாட்டி நாள் முழுக்கப் பிடுங்கித் தின்கிறாள். கொடி கட்டும் பெண்கள் அக்கா பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினார்கள். முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டு, "வீட்டு விஷயத்தை வீட்ல பேசும்மா, அவர் வாடிப்போயிட்டார்" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு "சரிம்மா" என்றாள். மறுநாள் காலையும் திட்டினாள். வேறு வழி?

மாமாவுக்கோ அதுவரை யாரும் காட்டாத மரியாதை கிடைத்தது. டீ வந்தால் அவர் குவளைதான் முதலில் நிறையும். யாரோ வீட்டிலிருந்து அவருக்கென்றே வேகவைத்த முட்டை கொண்டுவந்தார்கள். பெரிய மனசு பண்ணி வாங்கிச் சாப்பிட்டார். குற்றம் சொல்ல மாட்டேன். நல்ல டீ கிடைத்தால் நானும் இரண்டு பெருமூச்சு விடுவேன்தான். ஆனால் அந்த முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சோகம் குடியேறியதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள்.

அன்று மதியம் கொட்டகையில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் தள்ளி, தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கொடி கட்டும் பெண்களில் மூத்தவள் மாமாவின் தட்டில் ஊறுகாய் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எப்படிண்ணே தாங்கிக்கிறீங்க? எங்க வீட்ல இப்படிப் பேசினா என்னைக்கோ துரத்தியிருப்பாங்க."

மாமா கையிலிருந்த கவளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என்ன பண்றது? பழகிப்போச்சு."

நல்ல நடிப்பு. கொஞ்சம் அதிகமாகவே நல்ல நடிப்பு. நான் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அக்கா சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மிச்சம் வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

மதியத்துக்குப் பிறகு சரிவுப் பக்கத்து வரிசை. அக்கா வரிசையின் முதல் பாதி முழுக்க ஒற்றைச் சொல்லாகத்தான் கொடுத்தாள். "யோவ்." சாய்ப்பு, நிமிர்ப்பு. "யோவ்." சாய்ப்பு, நிமிர்ப்பு. அவள் குரல் சரியில்லை என்று எனக்குப் பட்டது. வரிசையின் நடுவில் கொடி பட்டுப்போன ஒரு வெற்றிடம். அங்கே அவள் பேச வேண்டியதே இல்லை.

அங்கேதான் பேசினாள்.

"டாக்டர் சொன்ன அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல! கண்ணு போகுதுன்னு உனக்குத் தெரியும். கொழு தீட்டப் போறேன்னு பொய் சொல்லிட்டுத் தனியாப் போய்க் கேட்டுட்டு வந்த. மூணு கொடியை அறுத்து, டீயைக் குவளைக்கு வெளிய தரைல ஊத்தற வரைக்கும் என்னைக் குருடியா வச்சிருந்தியே! நான் உனக்கு யாருய்யா?"

சத்தம் ஆரம்பித்ததும் மாமா வழக்கம்போல் பிடியைச் சாய்த்துக் கொழுவை வெளியே எடுத்தார். அங்கே தண்டு எதுவும் இல்லை. நீளமான பேச்சு. அது முடிகிறவரை கொழு வெளியேயே வந்தது. முடிந்ததும் பிடியை நிமிர்த்தி உள்ளே விட்டார். சரியாக அடுத்த தண்டின்மேல்.

பச்சை மரம் உடைகிற சத்தம் ஒருமுறை கேட்டால் மறக்காது. கழுதை தானாகவே நின்றது. மாமா பிடியை விடவில்லை.

"மாப்ள, போச்சா?"

குனிந்து பார்த்தேன். ஒட்டுக்குக் கீழே, நாராகப் பிளந்து, முக்கால்வாசி அறுந்திருந்தது. கட்டுப்போட்டுக் காப்பாற்றுகிற வெட்டு இல்லை.

"போச்சு மாமா."

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் பார்த்தேன். அடுத்த வரிசையில் முதலாளியம்மா நின்றுகொண்டிருந்தார். வீட்டு விஷயத்தை வீட்டில் பேசச் சொல்லி இரண்டாம் முறை கண்டிக்க வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

கம்பிக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தார். அறுந்த கொடியைப் பார்க்கவில்லை. நேரே மாமாவின் முன்னால் வந்து நின்றார்.

"எவ்வளவு தெரியுது உங்களுக்கு?"

"ஓரம் தெரியுதும்மா. நடு இல்ல. உங்க செருப்பு தெரியுது, தோள் தெரியுது. முகம் இல்ல."

"அப்ப கழுதை?"

"அது நல்ல கழுதைம்மா. பழசும் நல்லதுதான். அதுமேல பழி போட்டதுதான் பாவம்."

முதலாளியம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாள் கேட்ட திட்டையெல்லாம் மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார் என்று தோன்றியது. அவர் கண் கலங்கியது. ஆனால் தோட்டம் நடத்துகிறவர் தோட்டம் நடத்துகிறவர்தான்.

"நாளைலேருந்து கலப்பையைத் தொட வேண்டாம். இவ்ளோ கூரான இரும்பு, இத்தனை கொடி. என்னால முடியாது. கொட்டகையில வேலை இருக்கு, உங்க ரெண்டு பேருக்கும் எப்பவும் இருக்கும். அதுல மாத்தமில்ல."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமா கையை உயர்த்தினார், அவள் நின்ற பக்கத்துக்குச் சற்றுத் தள்ளி.

"சரிதான்மா நீங்க சொல்றது. இந்த வரிசையை மட்டும் முடிச்சுக்கிறேனே? பாதி மண்ணு மேலயும் பாதி கீழயுமா நிக்குது."

முதலாளியம்மா வரிசையின் மிச்சத்தைப் பார்த்தார். அறுந்த கொடியையும் இப்போது பார்த்தார். "முடிங்க" என்று சொல்லிவிட்டு வரிசை முனைக்கு நடந்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

கழுதை காதை ஆட்டிக்கொண்டு நின்றது. நானும் களைக்கொத்தோடு நின்றேன். அக்காவுக்கும் மாமாவுக்கும் நடுவே ஒரு கம்பிதான்.

"வேணும்னு பண்ணலைங்க," என்றாள் அக்கா. "அங்க தண்டு இல்லைங்கறதே மறந்துபோச்சு."

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ என்னைப் பாவம்னு பாப்ப."

"மத்தியானம் கொட்டகையே உன்னைப் பாவம்னு பாத்துச்சு. ஊறுகாயோட வாங்கிக்கிட்ட!"

"அது பொய்யான பாவம்டி. அது ஒண்ணும் சுடல. நீ நெஜமா பாவப்பட்டா என்னால தாங்க முடியாது." மாமா இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. "நீ திட்டின வரைக்கும் நான் நல்லா இருந்தேன்."

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு கம்பிக்கு அடியில் குனிந்து, வலிக்கும் முட்டியைக் கையால் தாங்கியபடி, இந்தப் பக்கம் வந்து கழுதையின் தலைக்கயிற்றைப் பிடித்தாள். புதுக் கழுதைக்கு ஆள் வேண்டாம்தான். அதற்கும் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

கலப்பை நகர்ந்தது. முதல் தண்டு வந்தது. எந்தத் திட்டு வரும் என்று காத்திருந்தேன்.

"ஏங்க," என்றாள்.

மாமா பிடியைச் சாய்த்தார். தண்டு தாண்டியது.

"ஏங்க."

மண் பிளந்து வரிசை நடுவுக்குப் புரண்டது. அறுகம்புல்லின் வெள்ளை வேர்கள் மேலே வந்து விழுந்தன. பருத்த தண்டுக்குக் கொஞ்சம் இழுத்து "ஏங்...க" என்றாள். ஒல்லித் தண்டுக்குச் சுருக்கமாக. வேறு ஒரு சொல் இல்லை. என் வேலையை நான் செய்துகொண்டு போனேன். கொத்துவதற்கு அதிகம் இல்லை. அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு சுத்தமாக மாமா உழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகையாக வந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று அழுதுவிட்டேன்.

கடைசித் தண்டும் தாண்டியது. அதற்கு அப்புறம் கம்பி கட்டிய கல்தூண், அதற்கு அப்புறம் கழுதை திரும்புவதற்கான வெற்று நிலம். முதலாளியம்மா அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா கழுதையை நிறுத்தவில்லை. தூணைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனாள். கொழு புல்தரையில் மெல்லக் கீறிக்கொண்டே போனது.

"ஏங்க," என்றாள் மறுபடியும்.

அங்கே கொடி எதுவும் இல்லை. வரிசை முடிந்தது மாமாவுக்கும் காலடியில் தெரிந்திருக்கும். இருந்தாலும் பிடியைச் சாய்த்தார்.